இரண்டு கிலோவுக்காக ஊருக்குப் போனேன்

என் மனைவி மல்லிகா முப்பத்தெட்டு கிலோ இருக்கிறாள். நாற்பது கிலோ வந்தால்தான் மூன்றாவது கீமோ ஊசி போடுவேன் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார்.

இதை அக்கா போனில் சொன்னபோது நான் ஷார்ஜாவில் ஏழு பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை என் முறை. பத்தொன்பது வருடமாக என் முறை. நான் கிரேன் ஓட்டுகிறவன், சமையல்காரன் இல்லை. ஆனால் என் அறையில் இருக்கிற ஆறு பேரும் வெள்ளிக்கிழமையை நினைத்துத்தான் வியாழக்கிழமை வரை உயிரோடு இருப்பதாகச் சொல்வார்கள். கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் என் மீன்குழம்பைத் தின்றே இரண்டு முறை பேன்ட் அளவு மாற்றினார். ஆறு ஆம்பளைகளுக்குத் தொந்தி போடவைத்தவன், கட்டியவளுக்கு இரண்டு கிலோ ஏற்ற முடியாதா? இந்தத் திமிரோடுதான் கிளம்பினேன்.

பதினெட்டு நாள் விடுப்பு. பதினைந்தாம் நாள் டாக்டரிடம் எடை காட்ட வேண்டும். பதினெட்டாம் நாள் எனக்கு விமானம். கணக்கு சரியாக இருந்தது.

திருச்சியிலிருந்து கார். தை முடியப்போகிற நேரம், டெல்டா முழுக்க அறுவடை. நீடாமங்கலம் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் ஓர் அறுவடை மிஷின் போனது. ரோட்டை அடைத்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி. டிரைவர் ஹாரன் அடித்தான். மிஷின்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் அதன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தோம். அது வயலுக்குள் இறங்கியதும் அடுத்த தொல்லை. பாதி ரோட்டில் நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். டிரைவர் மெதுவாக ஒதுங்கினான். அப்படியும் பின்சக்கரம் ஓரத்தில் ஏறிவிட்டது. நெல் தள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கண்ணு பொடனியிலயா இருக்கு?"

"இது ரோடும்மா."

"ரோடு போட்டதே எங்க நெல்லு காயத்தான். வேணும்னா நீ வயல்ல எறங்கிப் போ."

டிரைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துவிட்டது. ஷார்ஜாவில் ரோட்டில் ஒரு காகிதம் போட்டால் அபராதம். இங்கே ரோட்டில் சோறு காய்கிறது.

எங்கள் ஊர் நன்னிலத்துக்குப் பக்கம். வீட்டு வாசலில் மல்லிகா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் துண்டு. எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. "வாங்க" என்றாள். "பயணம்லாம் நல்லா இருந்துச்சா?" பதில் சொல்ல வந்தால் வேறு ஏதாவது ஆகிவிடும் என்று நேராக அடுப்படிக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டின ஆப்பிள் பதினாறு. அலமாரியில் சத்துமாவு டப்பா ஒன்பது. எல்லாம் பார்க்க வந்தவர்கள் கொடுத்தது. சுற்றிலும் இத்தனை ஆறு, இத்தனை வாய்க்கால். இந்த மண்ணில் குச்சியைக் குத்தினாலே துளிர்க்கும். இங்கே சாகக் கிடக்கிறவளுக்கு எங்கேயோ குளிரில் விளைந்த ஆப்பிள்! கத்தினேன்.

"வந்த கால் மண்ணு உதிரல, அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் அக்கா. அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அடுத்த வீடு. மல்லிகாவுக்கு இத்தனை நாளும் அவள்தான் எல்லாம். "நீ கத்துனா அவளுக்கு எடை ஏறுமா? ஏறும்னா சொல்லு, நானும் சேந்து கத்துறேன்."

இரண்டாம் நாள் காலையில் தம்பி முறையாகும் பையன் ஒருவனின் வண்டியை வாங்கிக்கொண்டு திருவாரூர் மார்க்கெட்டுக்குப் போனேன். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வந்த காரணம் என்னவோ அதுதான், ஆனால் அந்த மார்க்கெட்டில் கால் வைத்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஷார்ஜாவில் முருங்கைக்காயை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பிணம் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். இங்கே கட்டுக் கட்டாகச் சாத்திவைத்திருந்தது. நாட்டுக் கத்தரி, காம்பில் முள்ளோடு. அவரை, கையில் எடுத்தால் மெழுகு மாதிரி. தரையில் சாக்கை விரித்துப் பச்சை மொச்சையைக் குவித்திருந்தார்கள். ஒரு காயை உரித்தேன். உள்ளே நான்கு பருப்பு, ஈரத்தோடு. விரலில் ஏறின அந்த மொச்சை நாற்றம் சோப்புப் போட்டாலும் போகாது. மோந்து மோந்து பார்த்துக்கொண்டேன்.

"உரிச்சு உரிச்சுப் பாத்தா வித்துப்புடுமா?" என்றாள் மொச்சைக்காரி. "எத்தன கிலோ?"

"மூணு."

"வீட்டுல விசேஷமா?"

"ரெண்டு பேரு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வெளிநாடா?" என்று கேட்டாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. மூன்று கிலோவும் போட்டாள்.

அன்றைக்கு நான் ஆக்கினது மொச்சைக் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், கத்தரிக்காய்க் கொத்சு, ரசம். நன்றாகத்தான் வந்தது. அக்கா இரண்டு முறை சோறு வாங்கினாள். மல்லிகா மூன்று வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாயைக் கன்னத்திலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள். பிறகு கொல்லைப் பக்கம் போய் துப்பினாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் விரால் மீன். வாய்க்காலில் தண்ணீர் வடிகிற சமயம், மடையில் வலை போட்டுப் பிடித்து உயிரோடு பானையில் வைத்து விற்கிறார்கள். சாம்பல் தேய்த்து, தோல் உரித்து, புளி அளவாகக் கரைத்து, மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தேன். தாளித்த வாசனை வந்ததுமே மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். சாயங்காலம் அக்கா வீட்டு எடை மிஷினில் நிறுத்தினோம். முப்பத்தேழு எழுநூறு. நான் வந்து முந்நூறு கிராம் குறைந்திருந்தாள்.

"ஊருக்கே ஆக்கிப் போடுறே. பொண்டாட்டிக்குத்தான் எறங்கல" என்றாள் அக்கா. நான் கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். வரப்பு ஓரத்தில் பொன்னாங்கண்ணி தளதளவென்று இருந்தது. பறிக்கக் குனிந்தேன். பின்னாலேயே அக்காவின் குரல். "அதத் தொடாத. போன வாரம்தான் வயலுக்கு மருந்து அடிச்சானுவொ." கண்ணுக்கு முன்னால் கீரை, கைக்கு ஆகாது. என்ன ஊர் இது?

நான்காம் நாள் வந்தவள் ஜெயா. எதிர்வீடு. கையில் ஒரு பை. பை எதற்கு என்று எனக்கு உடனே தெரியும். எங்கள் பக்கத்தில் முடியாதவரைப் பார்க்கப் போனால் வெறுங்கையோடு போக மாட்டார்கள். போய் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, "எப்புடி இருந்த பொண்ணு" என்று ஒரு பாட்டம் சொல்லிவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டாள், மத்தியானம் என்ன சாப்பிட்டாள், எத்தனை முறை வாந்தி என்று விசாரிக்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஆறு பேர் வந்து இதே கேள்வியைக் கேட்டால் நல்ல ஆளுக்கே வாந்தி வரும்.

நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"பையில என்ன?"

"ஆப்பிள்ணே. அண்ணிக்கு..."

"ஆப்பிள் வேணாம். எடுத்துட்டுப் போ."

ஜெயாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னண்ணே இப்புடிப் பேசுறிய? காசு குடுத்து வாங்கிட்டு வந்தேன்."

"ஒங்கொல்லையில என்ன காய்க்குது? அதச் சொல்லு."

"கொல்லையிலயா? நார்த்த மரம் நிக்கிது. கோழி முட்ட போடுது. அதப் போயி யாராச்சும் முடியாதவொளுக்குக் குடுப்பாவொளா, மரியாதயா இருக்குமா?"

"அதான் வேணும். நார்த்தங்கா நாலு பறிச்சிட்டு வா. முட்டை வேணும். வந்து உக்காந்து அழக்கூடாது. வாசல்லயே குடுத்துட்டுப் போயிரணும். வர்றவொ எல்லார்ட்டயும் சொல்லு."

உள்ளேயிருந்து மல்லிகாவின் சத்தம். "ஜெயா, கோவிச்சுக்காத புள்ள. அவொ கிரேன்ல நின்னு நின்னு அப்புடித்தான் பேசுவாவொ."

ஊர் முழுக்க அன்றைக்கே பேசியிருப்பார்கள். துபாயிலிருந்து வந்தவன் பிச்சை கேட்கிறான் என்றுகூடச் சொன்னார்களாம். எவனுக்கும் ஷார்ஜா என்று சொல்ல வராது. ஆனால் மறுநாள் காலையில் வாசல்படியில் பாருங்கள். நார்த்தங்காய் நான்கு, இலையோடு. ஒரு வாழைப்பூ. தென்னங்கீற்றுத் துண்டில் வைத்து முட்டை ஐந்து. மருந்து அடிக்காத கொல்லைப் பொன்னாங்கண்ணி ஒரு கட்டு. அடுத்த நாள் பப்பாளிக் காய், சுண்டைக்காய் ஒரு கை, சுரைப்பிஞ்சு ரோமத்தோடு. யார் வைத்தது என்று பாதிக்குத் தெரியாது. தினமும் விடிந்ததும் வாசலைத் திறப்பதே எனக்கு ஒரு வேலையாக, ஆசையாகப் போயிற்று. இன்றைக்கு என்ன வந்திருக்கும்? காயைப் பார்த்துத்தான் அன்றைய சமையல். மார்க்கெட்டில் நான் காயைத் தேர்ந்தெடுத்தேன். இங்கே காய் என்னைத் தேர்ந்தெடுத்தது. இந்த மாதிரிச் சமையல் எனக்குப் புதிது.

எல்லாம் சரி. மல்லிகாவுக்கு இறங்கவில்லை. நார்த்தங்காய்ச் சாற்றில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு கண்ணில் தண்ணீர் வர டம்ளரை வைத்துவிட்டாள். சோற்றைப் பிசைந்து கொடுத்தால் மூன்று வாய். நான்காவது வாய்க்குத் தலையைத் திருப்பிக்கொள்வாள். ஆறாம் நாள் நான் நிஜமாகவே கத்திவிட்டேன். "உனக்காகத்தானே நிக்கிறேன் அடுப்புல! திங்கணும்னு நெனப்பு இருந்தாத்தானே!" அவள் துண்டைச் சரி செய்துகொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். எடை முப்பத்தேழரை.

ஏழாம் நாள்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

எங்களுக்கு ஒரு ஏக்கர் நிலம், குத்தகைக்கு விட்டிருக்கிறோம். அன்றைக்கு அறுப்பு. மிஷின் கொட்டின நெல் தார்ப்பாயில் பொன் மாதிரி கிடந்தது. ஒரு கை அள்ளி மோந்து பார்த்தேன். எனக்குத் தோன்றியது இதுதான்: காய் புதிது, மீன் புதிது, முட்டை புதிது, சோறு மட்டும் எதற்குப் பழைய மூட்டையிலிருந்து? குத்தகைக்காரர் தன் சொந்த வயலில் முன்பே அறுத்து இரண்டு நாள் காயவைத்திருந்த நெல்லில் ஒரு மூட்டையைக் கேட்டு வாங்கினேன். குடவாசல் மில்லுக்குக் கொண்டுபோனேன். போகிற வழியில் வண்டி நெல் காய்ந்த ரோட்டில் வழுக்கி, நானும் மூட்டையும் வெவ்வேறு பக்கம் விழுந்தோம். முட்டியில் தோல் போயிற்று. மில்காரர் "புழுங்க வைக்கலியா?" என்று கேட்டார். புழுங்கல் என்றால் இரண்டு நாள் ஆகும். "வேணாம், பச்சையாவே அரைங்க" என்றேன். அவர் என்னமோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை.

அக்கா ஒரு சாவுக்குப் போயிருந்தாள். தடுக்க ஆள் இல்லை. ஷார்ஜாவில் ஊற்றுகிற அளவுக்கே தண்ணீர் ஊற்றினேன். ஒரு டம்ளருக்கு மூன்றரை, குக்கரில் ஐந்து விசில். அங்கே கிடைக்கிறது ஒரு வருடம், இரண்டு வருடம் மூட்டையில் கிடந்த அரிசி. எவ்வளவு தண்ணீரையும் குடித்துவிட்டு விரைப்பாக நிற்கும். மூடியைத் திறந்தேன். சோறு இல்லை. பசை. கரண்டியை நிறுத்தினால் நின்றது. சுவரில் போஸ்டர் ஒட்டலாம்.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். எட்டிப் பார்த்தாள். மூக்கில் விரலை வைத்தாள்.

"புது அரிசியா போட்டே?"

"ஆமா."

"புத்தி இருக்கா ஒனக்கு? புது அரிசிய நல்லா இருக்கவனே ஆறு மாசம் தொட மாட்டான். பொங்கலன்னிக்கு ஒரு வாய், அதோட சரி. வயித்தக் கட்டிக்கும். ஒடம்பு முடியாதவளுக்குப் பழைய அரிசி தேடித் தேடிப் போடுவாவொ, நீ வயல்லேருந்து நேரா குக்கர்ல கொட்டியிருக்கே. வெவசாயி மவன்னு வெளிய சொல்லிராத!"

எனக்கு வந்த கோபத்தில் குக்கரைத் தூக்கிக்கொண்டு கோழிக்குக் கொட்டப் போனேன். மல்லிகா கட்டிலிலிருந்து கேட்டாள். "என்னங்க அது? வாசனையா இருக்கு."

"நாசமாப் போன வாசனை. பசை."

"கொண்டாங்க பாப்பம்."

சூடாக இருந்தது. ஒரு விரலால் தொட்டு வாயில் வைத்தாள். மறுபடி தொட்டாள். பிறகு அரைக் கரண்டி வாழை இலைத் துண்டில் வைக்கச் சொன்னாள். தட்டு வேண்டாம், எவர்சில்வர் வாயில் இரும்பு மாதிரி கசக்கிறது என்றாள். இலையில் வைத்தேன். ஒரு சொட்டு நெய் கேட்டாள். ஊற்றினேன். நான் நின்றுகொண்டே எண்ணினேன். நான்கு வாய். ஐந்து. எட்டு. பதினொன்று. இலையை வழித்தாள்.

"எப்புடி எறங்குது?" என்று கேட்டேன்.

"மெல்ல வேண்டியதில்லீங்க. வழுக்கிட்டுப் போயிருது." வாயைத் திறந்து காட்டினாள். உள்ளே கன்னம் முழுக்க, தொண்டை வரைக்கும் புண். வெள்ளை வெள்ளையாக. "பருக்கையா இருந்தா குத்துதுங்க. காரம் பட்டா உயிரு போவுது. நார்த்தங்காச் சாறு குடுத்திய பாருங்க, அன்னிக்குச் செத்துட்டேன்னுதான் நெனச்சேன்."

"சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்க கேட்டிய? ஆசை ஆசையா வாங்கிட்டு வந்து வேகுவேகுன்னு ஆக்குறிய. சொன்னா கத்துவிய."

அக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். "எங்கிட்டயும் சொல்லலடி நீ" என்றாள்.

"வாய் ரணமா இருக்குன்னு சொன்னேனே அண்ணி."

"சூடுன்னு நெனச்சேன்டி. மோரக் குடின்னு சொல்லி விட்டுட்டேன்."

ஏழு நாள். நான் மொச்சையைப் பார்த்தேன், மீனைப் பார்த்தேன், அவள் வாயைப் பார்க்கவில்லை. இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மீதியை எழுதினால் அது பொய். கொல்லைப்புறம் போய் அம்மியைக் கழுவினேன். கழுவ ஒன்றும் இல்லை. சும்மா கழுவினேன்.

அன்று மாலையே டாக்டருக்குப் போன் செய்தோம். புண்ணுக்குத் தடவ ஒரு மருந்து சொன்னார். புது அரிசி கொடுக்கலாமா என்று கேட்டேன். "வயிறு தாங்கினா கொடுங்க, கொஞ்சம் கொஞ்சமா, நாளைக்கு ஆறு தரம்" என்றார். அக்கா நம்பவில்லை. "அந்த டாக்டரு எந்த ஊரு?" என்று கேட்டாள். இருந்தாலும் மறுநாளிலிருந்து கஞ்சியில் ஒரு சிட்டிகை சுக்குப் போட அவள்தான் வந்து நின்றாள்.

அதற்கப்புறம் சமைத்ததுதான் சமையல். வாசலில் வருகிற காய் அதேதான். கேள்வி வேறு. காரம் இல்லாமல், புளி இல்லாமல், தாளிக்காமல், மெல்லவே வேண்டாத பதத்தில் இதை எப்படிக் கொண்டுவருவது? பொன்னாங்கண்ணியை வேகவைத்து, மசித்து, துணியில் பிழிந்து, சாற்றைக் கஞ்சியில் விட்டேன். பச்சை நிறத்தைப் பார்த்து மல்லிகா சிரித்தாள். சுரைப்பிஞ்சைப் பாசிப்பருப்போடு குழைத்தேன். விராலை வெறும் உப்பும் இஞ்சித் துண்டும் போட்டு ஆவியில் வேகவைத்து, முள்ளை ஒவ்வொன்றாக விரலால் தடவித் தடவி எடுத்து, சோற்றோடு பிசைந்தேன். ஒரு மீனுக்கு முக்கால் மணி நேரம். மொச்சையை வேகவைத்துத் தோலைப் பிதுக்கி எறிந்துவிட்டு, பாலாக அரைத்தேன். மிளகாய் இல்லாத மொச்சைக்கு ஒரு தனி இனிப்பு இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில்தான் எனக்கு அது தெரியும். முட்டையைப் பாலில் அடித்து இட்லிப் பானையில் வைத்தெடுத்தால் அல்வா மாதிரி நடுங்கியது.

பத்தாம் நாள் முப்பத்தெட்டரை. பன்னிரண்டாம் நாள் முப்பத்தொன்பது நூறு. ஜெயா வாசலில் முட்டையை வைத்துவிட்டு, விதியை மீறாமல் தெருவில் நின்றபடியே கத்துவாள். "இன்னிக்கு எவ்வளவுணே?" நான் எடையைச் சொல்வேன். தெருவில் போகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். "ஏங்க, நான் என்ன நெல்லு மூட்டையா?" என்பாள் மல்லிகா உள்ளேயிருந்து.

பதினைந்தாம் நாள் தஞ்சாவூர். காருக்குச் சொல்லியிருந்தோம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். சரக்கு ரயில் ஒன்று போனது. கேட் திறக்கவில்லை. இன்னொன்று வரும் என்றார்கள். கண்ணாடிக்கு வெளியே கடலை, முறுக்கு, வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டு போனார்கள். மல்லிகா கண்ணாடியை இறக்கினாள்.

"வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தாங்க."

"கூடாது. பச்சையா ஒண்ணும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காவொ."

"ஒரே ஒண்ணுங்க."

"கூடாதுன்னா கூடாது. கஞ்சி இருக்கு, குடி."

அவள் என் பக்கம் திரும்பினாள். கண் இரண்டும் பெரிதாயின. "எட்டு நாளா கஞ்சி கஞ்சி கஞ்சி! எனக்குப் பசிக்குதுய்யா! கடிச்சுத் திங்கணும் போல இருக்கு! நீ மட்டும் ஒக்காந்து மீனு வறுத்துத் தின்னியே அன்னிக்கி, பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்? மனுசனா நீ?"

இருபத்தேழு வருடத்தில் என்னை அவள் நீ என்று சொன்னதில்லை. முன்சீட்டில் இருந்த அக்கா வெளியே பார்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. டிரைவர் கண்ணாடியைத் திருப்பி வைத்தான். எனக்குக் கோபம் வரவில்லை. பசிக்கிறது என்று சொன்னாளே. அதைக் கேட்டுவிட்டு எவன் கோபப்படுவான்? வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தரவில்லை. அது வேறு. கேட் திறப்பதற்குள் ஒரு தூக்குக் கஞ்சியையும் குடித்துவிட்டாள். என்னைத் திட்டிக்கொண்டே குடித்தாள்.

ஆஸ்பத்திரியில் எடை மிஷின் மேல் ஏறினாள். நாற்பது கிலோ இருநூறு.

சிஸ்டர் கைதட்டினாள். "நாப்பது வந்திருச்சு அக்கா!" அட்டையில் எழுதப் போனாள். நான் மல்லிகாவைப் பார்த்தேன். தஞ்சாவூர் ஏ.சி.க்குப் பயந்து ஸ்வெட்டர், அதன் மேல் கம்பளிச் சால்வை, காலில் செருப்பு.

"எழுதாதீங்க. சால்வை, ஸ்வெட்டரு, செருப்பு, எல்லாத்தையும் கழட்டு" என்றேன்.

"சார், நல்லா வந்த எடைய நீங்களே ஏன் சார் கெடுக்குறீங்க?"

"சால்வைக்கு ஊசி போடப் போறீங்களா, இவளுக்கா?"

அக்கா என் கையைக் கிள்ளினாள். நல்ல கிள்ளு. ஆனால் மருந்தை எடை பார்த்துத்தான் அளக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கிரேனில் சுமையைக் கூட்டிச் சொன்னால் என்ன ஆகும் என்று பத்தொன்பது வருடம் பார்த்தவன் நான். மல்லிகா கழற்றினாள். மறுபடி ஏறினாள்.

முப்பத்தொன்பது கிலோ நானூறு.

அறுநூறு கிராம் குறைவு. சிஸ்டர் அதையே அட்டையில் எழுதினாள். கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். டாக்டர் அம்மாள் வந்தார். அட்டையைப் பார்த்தார், இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். மல்லிகாவின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். நான் ஏழு நாள் பார்க்காத இடத்தை அவர் அரை நிமிடம் பார்த்தார்.

"புண்ணு ஆறியிருக்கு. ரத்தம் நல்லா இருக்கு. ரெண்டு வாரத்துல இவ்வளவு ஏறியிருக்கீங்கன்னா உடம்பு திரும்புதுன்னு அர்த்தம். போடலாம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா அடுத்த ஊசிக்கும் இதே மாதிரி வரணும். மொத்தம் ஆறு. இன்னும் மூணு பாக்கி. யார் பாத்துக்கிறது?"

"நாந்தான்" என்றாள் அக்கா.

ட்ரிப்ஸ் ஏறியது. நான்கு மணி நேரம் ஆகும் என்றார்கள். மல்லிகா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள், "போன ரெண்டு தடவையும் நாலு நாளு தண்ணிகூட நிக்கலீங்க. அஞ்சாம் நாளுதான் வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க போயிருவிய."

நான் எழுந்து மார்க்கெட்டுக்குப் போனேன். உட்கார்ந்திருந்தால் எனக்கு என்னமோ ஆகும் போலிருந்தது.

தஞ்சாவூர் மார்க்கெட் பெரியது. ஒரு கடையில் வெண்டைப்பிஞ்சு சுண்டுவிரல் நீளத்தில் இருந்தது. ஒன்றை எடுத்து நுனியை ஒடித்தேன். டக்கென்று ஒடிந்தது.

"எல்லாம் காலைல பறிச்சதுண்ணே" என்றாள் கடைக்காரி. "கத்தரியப் பாருங்க, காம்புல பால் நிக்கிது. எவ்வளவு போடட்டும்?"

"இது எத்தன நாளு தாங்கும்?"

"தாங்குறதா? இன்னிக்கே ஆக்கிரணும். நாளைக்கு வாடிரும்."

"சாப்புடுறவ அஞ்சாம் நாளுதான் சாப்புடுவா. அது வரைக்கும் தாங்குற காய் எது?"

ஒரு மாதிரி பார்த்தாள். பின்னால் திரும்பி, சாக்குக்கு அடியில் உருண்டு கிடந்த ஒரு பரங்கிக்காயை இரண்டு கையாலும் தூக்கி முன்னால் வைத்தாள். தோல் தடித்து, சாம்பல் பூத்து இருந்தது. "கீறல் படாம இருந்தா மாசக்கணக்குல கெடக்கும். ஒங்களுக்கு எத்தன பத்தை போடட்டும்?" என்று கத்தியை எடுத்தாள்.

"வெட்டாத. முழுசாக் குடு."

அங்கே நின்றே ஷார்ஜாவுக்குப் போன் போட்டேன். ஃபோர்மேன் மலையாளி, நல்ல மனிதர்தான். வெள்ளிக்கிழமை இரவே வந்துவிடுவாய் அல்லவா என்று கேட்டார். வரவில்லை என்றேன். எப்போது வருவாய் என்றார். இன்னும் மூன்று ஊசி இருக்கிறது, அது முடிந்ததும் என்றேன். அத்தனை நாள் கிரேனைச் சும்மா நிறுத்த முடியாது, வேறு ஆளைப் போடவேண்டியிருக்கும், திரும்பி வந்தால் இந்த இடம் இருக்காது என்று தன்மையாகத்தான் சொன்னார்.

போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு போனைப் பையில் வைத்தேன். அப்படியே சேனைக்கிழங்கும் ஒன்று எடுக்கச் சொன்னேன். அதுவும் தாங்கும்.